பல் டாக்டர் வண்டியின் ட்வீட்டர்

என் மச்சினனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒருதலையாகப் பேசுகிறான் என்று யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். என் மனைவிக்கு ஒரே தம்பி. செல்போன் கடை ஒன்றை வைத்து அதை மூழ்கடித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோளில் ஒரு லேப்டாப் பையோடு என் கடையில் வந்து நின்றான். மனைவி கண்ணைக் கசக்கினாள். சரி, வந்து தொலையட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டின கதை எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் விழுந்தேன்.

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. டயர் கடைக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கிற ஷெட். கார்களுக்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பூட்டிக் கொடுக்கிறோம். சுவரோரம் எப்போதும் நாலைந்து கதவுப் பேனல்கள் சாய்ந்திருக்கும். தரையில் காலை வைத்தால் வயர்த் துண்டும் பிளாஸ்டிக் கிளிப்பும் குத்தும். முன்கடைக்காரரை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டயர் மாற்றும் நேரம் போக மீதி நேரமெல்லாம் எங்கள் ஷெட்டில்தான் நின்று வேடிக்கை பார்ப்பார்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. வேலை முடிந்த வண்டியை அப்படியே சாவி கொடுத்து அனுப்ப மாட்டோம். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவேன். கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடச் சொல்வேன். பாட்டு ஓடும். பின்னால் டிக்கியில் ஒருவன் ஸ்க்ரூடிரைவரோடு நின்று, நான் சொல்லச் சொல்ல ஆம்ப்பில் சத்தத்தை ஏற்றி இறக்கும் திருகைத் திருப்புவான். நான் போதும் என்றால்தான் அந்த வண்டி வெளியே போகும். இருபத்தெட்டு வருஷமாக அந்த சீட் என்னுடையது. வயரிங் எவனும் செய்யலாம், பேனல் எவனும் கழற்றலாம். அந்த சீட்டில் உட்காருகிறவன்தான் கடைக்காரன். மச்சினன் வந்த நாளிலிருந்து அவனுக்கு அதன் மேல்தான் கண்.

முதலில் ஒரு மைக் வாங்கிவந்தான். அதை ஹெட்ரெஸ்ட்டில் கட்டி, வண்டிக்குள் கேட்கிற சத்தத்தை லேப்டாப்பில் மலை மலையாகக் கோடு காட்டினான். "இங்க பாருங்க மாமா, இந்த இடத்துல ஏறியிருக்கு" என்றான். "பாட்டைக் காதால கேளுடா, கண்ணால கேக்காத" என்றேன். பஞ்சர் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சினன் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, "உங்களுக்குன்னா காதே போதும் மாமா" என்றான். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் வாயிலிருந்து பாராட்டு வந்தால் அன்றைக்கு மழை பிய்த்துக்கொண்டு கொட்டும்.

அப்புறம்தான் பை-ஆம்ப் என்று ஆரம்பித்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல கம்போனென்ட் செட் என்றால் கதவுக்குக் கீழே ஒரு ஊஃபர் இருக்கும். மேலே கண்ணாடிக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ட்வீட்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கிராஸ்ஓவர் என்று ஒரு சின்னப் பெட்டி. ஆம்ப்பிலிருந்து வருகிறதைப் பெட்டி பிரித்து, கனமான சத்தத்தைக் கீழேயும் கூரான சத்தத்தை மேலேயும் அனுப்பும். யாருக்கு எவ்வளவு என்று பெட்டியைச் செய்தவனே கணக்குப் பண்ணி வைத்துவிட்டான். பூட்ட வேண்டியது, கேட்க வேண்டியது, அனுப்ப வேண்டியது. பை-ஆம்ப் என்றால் கூட்டுக் குடும்பத்தைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைப்பது. ஆம்ப்பிலிருந்து சத்தம் வெளியே போக நாலு வழி, அதாவது நாலு சேனல், உண்டு; அதில் இரண்டைப் பிரித்து ட்வீட்டர்களுக்கு, மற்ற இரண்டை ஊஃபர்களுக்கு. அதற்கு ஒரு திருகு, இதற்கு ஒரு திருகு. யாருக்கு எவ்வளவு என்பதை இனிமேல் நாம் முடிவு பண்ண வேண்டும்.

"இருக்கிற பெட்டிக்கு என்னடா கேடு வந்துச்சு?" என்றேன்.

"கேடெல்லாம் இல்ல மாமா. ஆனா அது எவனோ எங்கயோ உக்காந்து வச்ச அளவு. நம்ம வண்டிக்கு நாமளே வச்சா இன்னும் நல்லா இருக்கும்ல?"

"நாமளே இல்ல. நான். சீட்ல உக்காருறது நான்தான்."

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். நீங்கதான் வைக்கணும்."

அவ்வளவு பணிவாக அவன் பேசியதே இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் பை-ஆம்ப் வண்டி ஒரு பல் டாக்டருடையது. அந்த அம்மா இரண்டு தெரு தள்ளி கிளினிக் வைத்திருக்கிறார். வயரிங் முழுக்க நானே செய்தேன். அதில் ஒரு கண்டம் உண்டு. பெட்டியில் ஊஃபர் முனைக்கும் ட்வீட்டர் முனைக்கும் நடுவில் ஒரு சின்னத் தகடு பாலம் மாதிரி இருக்கும். இரண்டு சேனல் கொடுக்கும்போது அந்தத் தகட்டைக் கழற்றாமல் விட்டால் ஒரு சேனல் இன்னொன்றின் மேல் பாய்ந்து ஆம்ப் புகையைக் கக்கும். புதிதாகச் செய்கிற பாதிப் பேர் அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். நான் மறப்பேன் என்று மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். இரண்டு தகட்டையும் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டேன். "பத்திரமா வச்சுக்க. என்னைக்காவது தெரியாத்தனமா நீ ஒரு வண்டி பண்ணா ஞாபகம் வரட்டும்" என்றேன். அவன் காது சிவந்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு சீட்டில் ஏறினேன். ஊஃபர் திருகு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ட்வீட்டர் மட்டும் படியவில்லை. பாட்டு மூடியே கிடந்தது. "ஏத்து" என்றேன். ஏற்றினான். "இன்னும்." ஏற்றினான். "தூங்குறியா? இன்னும் ஏத்துடா."

"மாமா, பாதிக்கு மேல போயிடுச்சு."

"போனா போகட்டும். நீ திருப்பு. போதுமானு நான் சொல்றேன்."

கடைசியில் பாட்டு திறந்தது. பாடுகிறவளின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. ஆஹா என்று வாய்விட்டுச் சொன்னேன். தலையைத் திருப்பினால் மச்சினன் டிக்கியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். வயிற்றெரிச்சல், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் டாக்டரம்மா வந்துவிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ட்ரில் சத்தத்துலயே நிக்கிறேன். வீட்டுக்குப் போற வழியிலயாவது பாட்டு கேக்கலாம்னுதான் இதை வச்சேன். இப்ப கார்லயும் யாரோ என் பல்லையே குடையற மாதிரி இருக்கு. கூசுது."

பஞ்சர் ஹோவென்று சிரித்தார். நான் சீட்டில் ஏறிக் கேட்டேன். பாட்டு அருமையாக இருந்தது. "புது ட்வீட்டர் அப்படித்தான் மேடம் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்" என்று சொல்லி, பேருக்கு ஒரு நூல் இறக்கி அனுப்பினேன். ஆனால் மனசு ஆறவில்லை. நான் வைத்தது நன்றாக இருந்தது, அந்த அம்மா கேட்டது நன்றாக இல்லை. நடுவில் திருகைத் தொடக்கூடிய ஆள் ஒருத்தன்தான். நான் கை கழுவப் போன நேரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறான், என் பேரைக் கெடுக்க. இப்படி ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடியது. யோசிக்க யோசிக்க அது கணக்காக இல்லாமல் உண்மையாகவே ஆகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை ‘தப்பா நினைக்காதீங்க’ எல்லாம் இல்லை. "என் பொண்ணு வண்டியில ஏறவே மாட்டேங்கறா சார். காதைப் பொத்திக்கறா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டரம்மாவை விட்டுவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினேன்.

"திருகைத் தொட்டியாடா?"

"நான் எதுக்கு மாமா தொடப் போறேன்?"

"நீ எதுக்குத் தொடுவேன்னு எனக்குத் தெரியாதா? என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

"மாமா, கஸ்டமர் முன்னாடி வேணாம்."

"ஏன், கஸ்டமருக்கும் தெரியட்டுமே நீ யாருன்னு!"

"அப்ப தெரியட்டும்" என்றான், குரலை உயர்த்தாமல். "திருகு நீங்க வச்ச இடத்துலதான் இருக்கு. நீங்க வைக்கிறதுதான் தப்பு. கொஞ்ச நாளைக்கு நான் சீட்ல உக்காருறேன், நீங்க வயரிங்கப் பாருங்க. உங்க கை வேலைக்கு இந்த ஊர்லயே ஆள் கிடையாது, அதை நான் இல்லைன்னு சொல்லல."

வயரிங்கைப் பார்க்கணுமாம். என் கடையில், என் ஷெட்டில், நேற்று வந்தவன் எனக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறான். எனக்கு வாய் சும்மா இருக்காது. என் பரம்பரைக்கே அந்த வியாதி உண்டு. "சரிடா. பஞ்சர், நீயும் கேட்டுக்க. நான் இப்ப வச்சு அனுப்புறேன். இன்னொரு தடவை இந்த வண்டி கூசுதுன்னு திரும்பி வந்தா, இந்த ஜென்மத்துல இந்த சீட்ல நான் உக்கார மாட்டேன். வரலைன்னா நீ அந்த லேப்டாப்பைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பணும். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்" என்றான், யோசிக்கக்கூட இல்லாமல்.

அன்றைக்கு ட்வீட்டரை நல்லாவே இறக்கினேன். எனக்கே மனசு வரவில்லை. பாட்டு மங்கித்தான் இருந்தது. இருந்தாலும் டாக்டரம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன். மச்சினன் தண்ணீர் குடிக்கப் போனதும், மனைவியின் அலமாரியிலிருந்து காலையிலேயே எடுத்து வைத்திருந்த சிவப்பு நெயில் பாலிஷால் திருகின் மேலிருந்து ஆம்ப்பின் உடம்பு வரைக்கும் ஒரு கோடு போட்டேன். எவன் தொட்டாலும் கோடு உடையும். அப்போது பிடித்துவிடலாம் கழுத்தை.

வீட்டில் மனைவிக்கு எல்லாம் அதற்குள் தெரிந்திருந்தது. தம்பி போன் போட்டிருப்பான். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எதுக்கு அப்படி ஒரு பந்தயம் கட்டினீங்க? அவன் போனா எங்க போவான்?"

"எங்கயோ போகட்டும். மூழ்கடிக்க உலகத்துல இன்னும் எத்தனையோ கடை இருக்கு."

"நீங்க தோத்தா?"

"நான் ஏன் தோக்கறேன்?"

"காலையில உங்க போன் அலாரம் அரை மணி நேரமா அடிக்குது. பக்கத்துல படுத்திருக்கிற உங்களுக்குக் கேக்கல. சமையக்கட்டுல இருந்து நான் ஓடி வந்து நிறுத்தறேன். ஒரு நாள் இல்ல, தினமும்."

"அசந்து தூங்குறேன். உழைக்கிறவன் அப்படித்தான் தூங்குவான். உன் தம்பியை மாதிரி கோடு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நானும் அலாரத்துக்கு முன்னாடி எந்திரிப்பேன்."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காமிச்சா என்ன?"

"யாரு சொல்லிக் குடுத்தது, அவனா?"

"போங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. என் வீட்டுக்குள்ளேயே அவன் கட்சி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நாலு நாள் அந்த வண்டி வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மச்சினனிடம் அட்டைப் பெட்டி ஒன்றைக் காட்டி, "லேப்டாப் இதுல கொள்ளுமா பாரு" என்றேன். அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு டாக்டரம்மாவின் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தது.

அந்த அம்மா இறங்கி எதுவும் சொல்வதற்கு முன்னால் நான் டிக்கிக்கு ஓடினேன். திறந்து, கார்ப்பெட்டை விலக்கிக் குனிந்தேன். சிவப்புக் கோடு திருகின் மேலிருந்து ஆம்ப்பின் உடம்புக்கு ஒரு மயிரிழை பிசகாமல் நேராக ஓடியது. யாரும் தொடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது; ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"கோட்டை அழிச்சிட்டு மறுபடி போட்டிருக்கான்!" என்று கத்தினேன். "பாருங்க மேடம், எப்படிப்பட்ட பயல வச்சு நான் கடை நடத்தறேன்னு!"

"சார், வண்டி நாலு நாளா எங்கிட்டதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இவர் எப்படி வந்து தொடுவார்? முன்னைக்கு இப்ப பரவாயில்ல. ஆனா இன்னும் கூசுது."

பஞ்சர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். மச்சினன் லேப்டாப்பை எடுத்துவந்து பானெட் மேல் வைத்து, அதன் வயரை வண்டிக்குள் கொடுத்தான்.

"மாமா, சண்டை வேணாம். நீங்க சீட்ல ஏறுங்க. நான் பாட்டு போடல. விசில் மாதிரி ஒரே ஒரு சத்தம் போடுவேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூரா. காதுல விழுந்தா கையைத் தூக்குங்க. எல்லாத்துக்கும் கையத் தூக்கிட்டீங்கன்னா நான் இப்பவே போறேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

மாட்டேன் என்றிருக்கலாம். பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தேன். டாக்டரம்மா பின்கதவைத் திறந்து, நானும் கேட்கிறேன் என்று பின்சீட்டில் உட்கார்ந்தார்.

முதல் சத்தம் வந்தது. கையைத் தூக்கினேன். இரண்டாவதும் வந்தது. மூன்றாவது மெலிந்து, நூலாக வந்தது. நாலாவதுக்கு அவன் விசையைத் தட்டினான், எதுவும் வரவில்லை. தட்டியது சரியாக விழவில்லை போல என்று நினைத்து, போடுடா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது தலைக்கு மேலிருந்த ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் டாக்டரம்மா காதோரம் விரலை அழுத்திக்கொண்டிருந்தார்.

கையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாவின் புருவம் நெரிந்தால் கை மேலே. நெரியாவிட்டால் கை கீழே. ஐந்து, ஆறு, ஏழு. ஒன்றும் என் காதில் விழவில்லை. ஒன்றையும் நான் விடவில்லை. திருடினவன்கூட இவ்வளவு கவனமாகத் திருடியிருக்க மாட்டான். ஜெயித்துவிடுவேன் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

மச்சினன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். என் கண் போகிற இடத்தைப் பார்த்தான்.

"மேடம், கொஞ்சம் வெளிய வந்து பஞ்சர் அண்ணன் பக்கத்துல நின்னுக்கறீங்களா?" என்றான். அவர் இறங்கி, கண்ணாடிக்கும் எட்டாமல் சுவரோரம் ஒதுங்கிவிட்டார். இப்போது எனக்கு எதிரே முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது அவன் முகம் ஒன்றுதான். லேப்டாப் திரைக்குப் பின்னால் கை அசைந்தது. அவன் கண்ணை இறுக்கி, ஒரு காதைத் தோளில் இடித்துக்கொண்டான். நான் கையைத் தூக்கினேன். மறுபடி அசைந்தது, பல்லைக் கடித்தான். தூக்கினேன். மூன்றாவது தடவை விரலையே காதுக்குள் விட்டுக்கொண்டான். கையை இன்னும் உயரமாக, போதுமாடா என்கிற மாதிரி தூக்கிக் காட்டினேன்.

அவன் திரைக்குப் பின்னாலிருந்து வலது கையை எடுத்து மேலே பிடித்தான். அதில் வயரின் முனை தொங்கியது. லேப்டாப்பிலிருந்து அதைப் பிடுங்கி எவ்வளவு நேரம் ஆகியிருந்ததோ.

"மூணு தடவை கையத் தூக்கினீங்க மாமா. மூணு தடவையும் நான் ஒண்ணுமே போடல."

பஞ்சர் ஹெ என்று சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முழுசாகச் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் முடிந்துவிடும் என்று தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மச்சினன் கதவுப் பக்கம் வந்து குனிந்தான்.

"எப்பருந்துடா உனக்குத் தெரியும்?" என்றேன்.

"வந்த ஒரு மாசத்துலயே. பெட்டியே அளவு பிரிச்சுக் குடுத்த வரைக்கும் வெளிய தெரியல. உங்களுக்காக அதுவே எல்லாத்தையும் அளந்து வச்சிருந்துச்சு. ட்வீட்டருக்குத் தனியா ஒரு திருகு உங்க கையில குடுத்தாத்தான் தெரியும்னு நினைச்சேன்."

"அதுக்குத்தான் பை-ஆம்ப்பா?"

"அதுக்கும்தான்."

பாவி. ஒளிக்கக்கூட இல்லை. "முகத்துக்கு நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா? இப்படி நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுத்தான் சொல்லணுமா?"

"போன வருஷம் சொன்னேன் மாமா. செருப்பால அடிப்பேன்னு சொன்னீங்க. செருப்பைக் கழட்டவும் கழட்டினீங்க."

சொன்னேன்தான். கழற்றினேன்தான். பஞ்சர் வந்து தடுத்திருக்காவிட்டால் அடித்தும் இருப்பேன்.

"அதனால பழி வாங்கினியா?"

"ஆமா" என்றான். "கொஞ்சம் வாங்கினேன்."

அந்த ஒரு சொல்லுக்காக அவனை அடிக்கவும் தோன்றியது, இதையாவது ஒளிக்காமல் சொன்னானே என்றும் தோன்றியது. டாக்டரம்மா மெல்ல வந்து ஜன்னலோரம் நின்றார்.

"சார், மூணு மணிக்கு ஒருத்தருக்குப் பல்லு எடுக்கணும். அவர் வந்து காத்துக்கிட்டிருப்பார். வண்டி வேணும்."

வாஸ்தவம். அது அவருடைய சீட். நான் இறங்கினேன்.

மச்சினன் ஏறினான். அவன் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டான். அந்தக் கரகர சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு டிக்கிக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. திருப்ப ஒரு ஆள் வேண்டும், நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். நல்லா இருப்பியாடா நீ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் குனிந்தேன்.

ஒரு பாட்டைப் போட்டான். பெண் குரல். "எறக்குங்க" என்றான். திருகைத் திருப்பினேன். சிவப்புக் கோடு பிளந்து இரண்டாக விலகியது. "இன்னும் எறக்குங்க மாமா." திருப்பினேன். பாடுகிறவள் தலையணையில் வாயை வைத்துப் பாடுவது போலாகிவிட்டது. "இன்னும் கொஞ்சம்." வேண்டுமென்றே என் பாட்டைக் கொல்கிறான் என்று நினைத்தேன். திருப்பினேன். குரல் மட்டும் இருந்தது. சொல் ஒன்றும் இல்லை. யாரோ பக்கத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். டாக்டரம்மாவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இது பாட்டு" என்றார். பஞ்சர் வண்டியின் மேல் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். தலையும் கூடவே ஆடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், அந்தப் பொண்ணு என்ன பாடுதுன்னே தெரியலையேடா!" என்று கத்தினேன்.

பஞ்சரின் விரல் நின்றது. மச்சினன் திரும்பிப் பார்க்கவில்லை. ரியர்வியூ கண்ணாடியில் அவன் கண் என்னைத் தேடிப் பிடித்தது.

"எங்களுக்குத் தெரியுது மாமா" என்றான்.

எங்களுக்கு. பஞ்சர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் பயந்து வருகிற நோயாளியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. திருகின் மேல் ஸ்க்ரூடிரைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கையை ஒரு சுற்றுச் சுற்றினால் என் பாட்டு எனக்குத் திரும்பி வந்துவிடும். அவர்கள் மூன்று பேரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

"இதுதான் சரியா?" என்று கேட்டேன். அவனிடம் ஒரு சத்தத்தைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது.

"சரிதான்."

உலகத்தில் நான் நம்பாத ஆள் என்று ஒருவன் உண்டென்றால் அது அவன்தான். குறைவாக வைத்துவிட்டுச் சரி என்கிறானா, என்னைச் சீண்டுவதற்காகச் சொல்கிறானா, கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. இனிமேல் எந்த வண்டியிலும் இருக்காது. அவன் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு டிக்கியைச் சாத்தினேன்.